பெட்ரோல் பிக்கப் வண்டியில் கரண்ட் வரவில்லையா? சாமான் வாங்குமுன் சோதியுங்கள்

கடைக்குச் சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்திருக்கும் வியாபாரிகளில் பலர் டீசலுக்கும் காஸுக்கும் மாறிவிட்டார்கள். ஆனாலும் பழைய மஹிந்திரா எப்.சி. 150, ஸ்டாண்டர்டு 20, கார்புரேட்டர் வைத்த மாருதி ஆம்னி போன்ற பெட்ரோல் வண்டிகளைக் கைவிட மனமில்லாமல் பராமரித்து வருகிறவர்களும் நம்மில் உண்டு. இக்கட்டுரை அவர்களுக்காக எழுதப்படுகிறது. டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது என்பதால் டீசல்காரர்கள் இப்பக்கத்தைத் தாராளமாகத் தாண்டிச் செல்லலாம்.

விடியற்காலையில் காய்கறி ஏற்றப் புறப்படும்போது செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. "காயில் போயிருக்கும்" என்கிறார் மெக்கானிக். புதுக் காயில் வாங்கி மாட்டியும் பயனில்லை. அடுத்து பிளக் செட், அதற்கடுத்து டெல்கோ மூடி என்று பில் ஏறுகிறது. அன்றைய சரக்கு வாடகை வண்டியில் வருகிறது, அல்லது வராமலே போகிறது. "எலக்ட்ரிக் சாமான்கள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது" என்ற போர்டு எல்லா ஸ்பேர் கடைகளிலும் தொங்குகிறது. அதன் பொருள் கடைக்காரர்களான நமக்குத் தெரியாததல்ல. பாயிண்ட் வைத்த வண்டியில் பெரும்பாலும் பழுதாவது இருப்பதிலேயே விலை குறைந்த சாமான்தான். சில சமயம் ஒரு ஒயர் முனை கழன்றிருக்கும், அவ்வளவே.

கல்லாவில் பணம் குறைந்தால் நாம் எல்லாப் பேரேட்டையும் தூக்கி எறிவதில்லை. எந்த வரவு வரை கணக்கு சரியாக இருக்கிறது என்று வரிசையாகப் பார்த்து வருகிறோம். வண்டியின் கரண்டையும் அப்படியே பார்க்க வேண்டும்.

கரண்ட் போகும் பாதை இதுதான். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சாவி சுவிட்ச் வழியாகக் காயிலின் பிளஸ் முனைக்கு வருகிறது. காயிலின் மைனஸ் முனையிலிருந்து டெல்கோவுக்குள் இருக்கும் பாயிண்டுக்குச் சென்று, பாயிண்ட் மூடியிருக்கும்போது எர்த் ஆகிறது. பாயிண்ட் திறக்கும் அந்தக் கணத்தில் காயிலுக்குள் தேங்கியிருந்த காந்த சக்தி சரிந்து, பல ஆயிரம் வோல்ட் மின்சாரமாகக் காயிலின் நடு முனையில் பாய்கிறது. அங்கிருந்து தடித்த நடு ஒயர், டெல்கோ மூடி, ரோட்டார், பிளக் ஒயர், பிளக் என்று போய்ச் சேருகிறது. நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் 6000 பொறி, அதாவது வினாடிக்கு 100 பொறி வேண்டும். அத்தனைக்கும் பொறுப்பு அந்தச் சிறிய பாயிண்ட்.

சோதனைக்கு முன் ஓர் எச்சரிக்கை. வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும், பெட்ரோல் ஒழுகும் இடத்தில் பொறி காட்டவே கூடாது. ஒயரை வெறுங்கையால் பிடிக்க வேண்டாம். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலும் வரக்கூடாது.

முதலில், ஒரு பிளக் ஒயரைக் கழற்றி நல்ல பிளக் ஒன்றில் மாட்டி, அந்தப் பிளக்கின் இரும்பு உடலை இன்ஜின் மீது படும்படி வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பளிச்சென்று நீலமாக "டப் டப்" என்று பொறி வந்தால் கரண்ட் நன்றாக இருக்கிறது. குறை பெட்ரோலிலோ டைமிங்கிலோ இருக்கலாம். மஞ்சளாக, சோகையாக வந்தால் கண்டன்சர், பேட்டரி, பாயிண்ட் ஆகியவற்றின் மேல் சந்தேகம் கொள்ளலாம். ஒன்றுமே வராவிட்டால் நடு ஒயருக்கு வாருங்கள். அதை டெல்கோ மூடியிலிருந்து உருவி, காய்ந்த மரக்குச்சியால் தாங்கி, முனையை இன்ஜின் இரும்புக்கு 5 மி.மீ. தள்ளி வைத்து மறுபடி செல்ஃப் அடிக்க வேண்டும்.

இங்கே பொறி வருகிறது, பிளக்கில் வரவில்லை என்றால் காயிலும் பாயிண்டும் நிரபராதிகள். மூடி, ரோட்டார், பிளக் ஒயர் இவற்றில்தான் குற்றம். மழைக்காலத்தில் மூடிக்குள் ஈரம் கோப்பது சகஜம். உலர்ந்த துணியால் துடைத்தாலே வண்டி பிடித்துவிடும். மூடியின் உட்புறத்தில் பென்சிலால் கோடு போட்டதுபோல் மெல்லிய கருங்கோடு தெரிந்தால் அது விரிசல் வழியே கரண்ட் கசிந்த தடம். அந்த மூடியைத் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். நடுவில் இருக்கும் கார்பன் தேய்ந்து போயிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நடு ஒயரிலும் பொறி இல்லையென்றால், ஒரு 12 வோல்ட் சிறு பல்பும் இரண்டு துண்டு ஒயரும் போதும். இதைத்தான் டெஸ்ட் லேம்ப் என்கிறோம். சாவியைப் போட்டு, காயில் பிளஸுக்கும் எர்த்துக்கும் இடையே பல்பைப் பிடியுங்கள். எரியாவிட்டால் குறை காயிலுக்கு முன்னாலேயே இருக்கிறது: ஃபியூஸ், சாவி சுவிட்ச், அறுந்த ஒயர். திருட்டுக்குப் பயந்து முந்தைய சொந்தக்காரர் சீட்டுக்கடியில் மறைவாக வைத்த சுவிட்சும் காரணமாக இருக்கலாம். பழைய வண்டி வாங்கியவர்கள் இதை மறக்கக் கூடாது.

பிளஸில் எரிந்தால், பல்பைக் காயிலின் மைனஸுக்கு மாற்றி செல்ஃப் அடியுங்கள். பல்பு மினுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மினுக்கியும் நடு ஒயரில் பொறி இல்லையென்றால் கண்டன்சர், காயில், நடு ஒயர் இம்மூன்றில் ஒன்று. அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் சேரவில்லை, அல்லது அதன் முகம் கருகி அழுக்கேறியிருக்கிறது, அல்லது டெல்கோவுக்குள் உள்ள ஒயர் அறுந்திருக்கிறது. எரியவே இல்லையென்றால், காயில் மைனஸிலிருந்து டெல்கோவுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது எரிந்தால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டன்சரோ ஒயரோ உள்ளே எர்த் ஆகியிருக்கிறது. அப்போதும் எரியாவிட்டால்தான் காயிலின் உட்சுற்று அறுந்தது என்று சொல்ல முடியும். புதுக் காயிலுக்குப் பணம் எடுக்க வேண்டிய இடங்களில் இது ஒன்று.

மூடியைக் கழற்றிய கையோடு செல்ஃப் அடித்து ரோட்டார் சுற்றுகிறதா என்று பார்ப்பது நல்லது. சுற்றவில்லையென்றால் டைமிங் பெல்ட்டோ செயினோ அறுந்திருக்கலாம். அது பெரிய வேலை, பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

பாயிண்ட் இடைவெளி பல வண்டிகளில் 0.4 முதல் 0.5 மி.மீ. வரை, சரியான அளவை வண்டியின் புத்தகத்தில் பார்த்து ஃபில்லர் கேஜ் வைத்து அமைக்க வேண்டும். நடுவழியில் கேஜ் இல்லாதபோது தடித்த விசிட்டிங் கார்டு வைத்து அமைத்து வீடு வந்து சேரலாம். பாயிண்டின் அடிக்கால் தேயத் தேய இடைவெளி தானாகக் குறைந்து, ஒருநாள் திறக்காமலே போகும். கேம் மேல் துளி கிரீஸ் வைக்கச் சொல்வது இதனால்தான். பாயிண்ட் முகத்தை எமரி தாளால் தேய்ப்பவர்கள் உண்டு. எமரித் தூள் இடையில் தங்கிக் கரண்டைத் தடுக்கும் என்பதால் அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பாயிண்டுக்கென்று உள்ள மெல்லிய அரத்தால் லேசாகத் தேய்த்து, சுத்தமான அட்டையை இடையில் விட்டு இழுத்தால் போதும். புதுப் பாயிண்ட் சில நாளிலேயே நீலம் பாய்ந்து கருகினால் கண்டன்சரை மாற்றிப் பாருங்கள்.

குளிர்ந்திருக்கும்போது ஓடி, ஒரு மணி நேரம் போனதும் நின்று, அரை மணி கழித்துத் தானே பிடிக்கும் வண்டிகள் ஆளைப் பைத்தியமாக்கும். இவ்வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் சூடு ஆறி எல்லாம் சரியாக இருக்கும். நின்ற இடத்திலேயே, சூட்டோடு மேற்படி சோதனைகளைச் செய்தால்தான் காயிலா, கண்டன்சரா என்பது பிடிபடும். இதில் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சரக்கு இறக்கும்வரை பாட்டுக் கேட்பதற்காகச் சாவியை ஆன் நிலையில் விட்டுவைக்கும் டிரைவர்கள் இருக்கிறார்கள். இன்ஜின் ஓடாமல் பாயிண்ட் மூடிய நிலையில் நின்றுவிட்டால் காயிலுக்குள் இடைவிடாமல் கரண்ட் பாய்ந்து கொதிக்கும். காயிலும் பாயிண்டும் இதனால் கெடும்.

பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல் வைத்த வண்டிகளிலும் காயில் மைனஸ் வரை இதே சோதனைதான். பல்பு மினுக்காவிட்டால் முதலில் மாட்யூலின் கனெக்டரையும் எர்த் ஒயரையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுங்கள். அதன்பின், தெரிந்தவர் வண்டியில் நன்றாக ஓடும் அதே வகை மாட்யூலை ஐந்து நிமிடம் இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். மாட்யூலின் முதுகில் வெள்ளைப் பசை இருந்தால் அது சூட்டைக் கடத்துவதற்காகப் பூசியது. மாற்றும்போது அதைத் துடைத்துவிட்டு வெறுமனே முடுக்கினால் புது மாட்யூலும் சூடேறிச் சீக்கிரம் போய்விடும்.