தண்ணீரைச் சோதித்தால் போதுமா?

ஏரியில் கலக்கும் பூச்சிக்கொல்லிகளிலும் ஆலை ரசாயனங்களிலும் பல தண்ணீரில் தங்குவதில்லை. அடிச்சேற்றில் போய் ஒட்டிக்கொள்கின்றன. குளோரின் கலந்த பழைய பூச்சிக்கொல்லிகள் தண்ணீரில் எளிதில் கரையாதவை. மக்கிய இலைதழையோடும் பொடிக் களிமண்ணோடும்தான் அவற்றுக்கு ஒட்டுறவு. வெயிலும் ஆக்சிஜனும் எட்டாத ஆழத்தில் அவை சிதையப் பல பத்தாண்டுகள் ஆகும்.

கலிபோர்னியாவில் உள்ள கிளியர் லேக் ஏரியின் கதை இதற்குப் பழைய பாடம். பொழுது சாய்ந்தால் அங்கே விளக்கைச் சுற்றி ஒரு சின்னப் பூச்சி மொய்க்கும். பார்க்கக் கொசு மாதிரி, ஆனால் கடிக்காது. அந்தத் தொல்லையே கரைவாசிகளுக்குத் தாங்கவில்லை. அதன் புழு அடிச்சேற்றில் வளர்வது. அதை ஒழிக்க, டி.டி.டி.க்கு நெருங்கிய உறவான மருந்தை 1949-இல் ஏரியில் விட்டார்கள். 7 கோடிப் பங்கு தண்ணீருக்கு 1 பங்கு. பூச்சி மறுபடி தலைகாட்டவே, 1954-இலும் 1957-இலும் 5 கோடிக்கு 1 பங்கு என அளவைக் கூட்டினார்கள்.

1954-ஐ அடுத்த குளிர்காலத்தில், மீன் தின்னும் முக்குளிப்பான் பறவைகள் நூற்றுக்கு மேல் செத்துக் கிடந்தன. பின்னர் அவற்றின் கொழுப்பைச் சோதித்தபோது 10 லட்சத்தில் 1,600 பங்கு மருந்து இருந்தது. மிதவை உயிர்களில் அது 5 பங்குதான். ஆயிரம் ஜோடி கூடு கட்டிய ஏரியில் 1960-இல் மிஞ்சியவை ஏறக்குறைய 30 ஜோடி. தண்ணீரிலோ, கடைசி மருந்து விட்ட கொஞ்ச நாளிலேயே அதன் சுவடு இல்லை.

அதே ஏரிக்கரையில் இயங்கிய பாதரசச் சுரங்கமும் 1957-இல் மூடப்பட்டது. கழிவுக் குவியலிலிருந்து வந்த பாதரசம் சேற்றில் தங்கிவிட்டது. காற்றில்லாத சேற்றின் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்ற, அது மீனில் ஏறுகிறது. சுரங்கம் மூடிப் பல பத்தாண்டுகள் கழிந்தும், அந்த ஏரி மீனை அளவோடு உண்ணும்படி எச்சரிக்கை தொடர்ந்தது.

கிளறாமல் விட்டால் புது வண்டல் படிந்து நஞ்சை மூடிவிடும் என்போரும் உண்டு. அலையும், அடியில் வளை தோண்டும் புழுக்களும், தூர்வாரும் இயந்திரமும் சும்மா இருந்தால் அது சரி.

ஆனாலும் ஏரிச் சோதனை என்றால் பெரும்பாலும் ஒரு பாட்டில் தண்ணீரை அள்ளிப் பார்ப்பதோடு முடிந்துபோகிறது. உண்மையான கணக்கு சேற்றில் இருக்கிறது. அதைப் படிக்க ஆய்வாளர்கள் நீண்ட குழாயைச் சேற்றில் செருகி, வந்த மண்ணைச் சென்டிமீட்டர் கணக்கில் வெட்டுவார்கள். ஈயம்-210, சீசியம்-137 என்ற கதிரியக்கத் தடயங்கள் ஒவ்வொரு வில்லையின் வயதையும் சொல்லும். எந்தக் காலத்தில் எந்த நஞ்சு வந்து சேர்ந்தது என்பது அடுக்கடுக்காக அதில் தெரியும். பாட்டில் தண்ணீரில் தெரிவது அன்றைய நிலை மட்டுமே.