ஊருக்கெல்லாம் கல்யாணப் பாட்டுப் பாடியவர்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் சேத்தூரில் காலைக் காப்பிக்குப் பால் காய்வதற்கு முன்பே குழாய் ஸ்பீக்கர் முழங்க ஆரம்பித்துவிடும். மஞ்சள் சேலையும் கையில் வேப்பிலையுமாக இருக்கன்குடிக்கு நடந்து போகிறவர்களுக்கு வழித்துணை எல்.ஆர். ஈஸ்வரியின் குரல்தான். "ஈஸ்வரி பாடலேன்னா ஆடி மாசம் மாதிரியே இருக்காதுடி" என்பார் எங்கள் சித்தி.

அம்மனை இப்படி உருகி அழைக்கும் இந்த ஈஸ்வரி, கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பூர்வீகம் பரமக்குடிப் பக்கம். சென்னையில் 1939-ல் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. சினிமாவில் ஏற்கெனவே எம்.எஸ். ராஜேஸ்வரி என்று ஒருவர் புகழோடு இருந்ததால் இவர் ஈஸ்வரி ஆனார்.

சின்ன வயசிலேயே தகப்பனார் போய்விட்டார். தாயார் சினிமாவில் கோரஸ் பாடித்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போன பெண், 1954-ல் 'மனோகரா' படத்தில் தானும் கோரஸில் நின்று பாடினாள். கோரஸ் என்றால் பத்துக் குரலில் ஒரு குரல். பெயர் யாருக்கும் தெரியாது. 1958-ல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் கே.வி. மகாதேவன் தனியாகப் பாட வைத்தார். அதற்கு மூன்று வருஷம் கழித்து வந்ததுதான் 'பாசமலர்'!

அந்தப் படத்தில் மணப்பெண்ணைத் தோழிகள் கேலி செய்து அழைக்கும் பாட்டைக் கேட்காத கல்யாண வீடு தமிழ்நாட்டில் உண்டா? என் கல்யாணத்துக்கும் போட்டார்கள், என் மகள் கல்யாணத்துக்கும் போட்டார்கள். ஆனால் அதைப் பாடியவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தம்பி, தங்கை என்று குடும்பத்தைத் தன் தோளில் சுமந்தவர் அவர். தங்கை அஞ்சலியும் பாடகியானார்.

எங்கள் தெருவிலும் அப்படி ஒரு அக்கா உண்டு. ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போய்த் தம்பி தங்கைகளைக் கரையேற்றியவர். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஈஸ்வரி ஞாபகம்தான்.

சினிமா இவரை அதிகமும் கிளப் டான்ஸ் பாட்டுக்கே கூப்பிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. அந்தக் காலத்தில் அந்தப் பாட்டுகளை நாங்கள் முணுமுணுத்தால் அம்மா முறைப்பார். ஆனால் அதே அம்மா, 1968-ல் 'பணமா பாசமா' வந்தபோது இலந்தைப் பழப் பாட்டை அடுப்படியில் பாடிக்கொண்டிருந்ததை நான் கேட்டிருக்கிறேன்!

இவர் குரல் எவ்வளவு மெதுவாகவும் வரும் என்று தெரிய வேண்டுமா? 1972-ல் வந்த 'வெள்ளி விழா'வில் வி. குமார் இசையில் காதோடு ரகசியம் பேசுவது போல ஒரு பாட்டு பாடியிருக்கிறார். பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, விளக்கையும் அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

எழுபது வயசு தாண்டிய பிறகு, 2011-ல் 'ஒஸ்தி' படத்தில் ஒரு ஆட்டப் பாட்டு. 2020-ல் 'மூக்குத்தி அம்மன்' படத்தில் மறுபடியும் ஆடிக் கொண்டாட்டம். என் பேத்தி அதைக் கேட்டுவிட்டு, "இது யாரு பாட்டி, புதுசா பாடுறாங்க?" என்றாள்.

போன ஆவணியில் அந்த மில் அக்காவின் தங்கை மகளுக்குக் கல்யாணம். 'பாசமலர்' பாட்டு வந்ததும் அக்கா பந்தி பரிமாறுவதை நிறுத்திவிட்டு, சாம்பார் வாளியோடு அப்படியே நின்று கேட்டார். "நல்லாப் பாடுதுல்ல?" என்று என்னிடம் கேட்டுவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.