குழந்தை சோற்றைத் துப்புகிறதா?

வாயைப் பிடித்துப் புகட்டாதீர்கள்! பால் போதும் என்று விட்டுவிடவும் செய்யாதீர்கள்!

குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்துவிட்டது. நல்ல நாள் பார்த்து, கோவிலுக்குத் தூக்கிச் சென்று சோறு ஊட்டியாகிவிட்டது. குருவாயூர் வரை சென்று ஊட்டி வருகிறவர்களும் உண்டு. சுற்றத்தார் ஆளுக்கு ஒரு பருக்கை கொடுக்கிறார்கள். குழந்தை சப்புக் கொட்டுகிறது. எல்லோருக்கும் சந்தோஷம்.

மறுநாள்தான் தொல்லை ஆரம்பம்.

பருப்புச் சாதத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு தாய் உட்காருகிறாள். ஒரு வாய் வைக்கிறாள். குழந்தை நாக்கால் வெளியே தள்ளுகிறது. இன்னொரு வாய். தலையைத் திருப்பிக்கொள்கிறது. மூன்றாவது வாய்க்கு உதட்டை இறுக மூடிக்கொள்கிறது. நான்காவது வாய், தாயின் சேலையில்!

"பக்கத்து வீட்டுப் பிள்ளை கிண்ணம் நிறையச் சாப்பிடுகிறதே!" என்று மாமியார் அங்கலாய்க்கிறாள். "காலில் போட்டு, மூக்கைப் பிடித்து, சங்கால் ஊற்று. தானாக உள்ளே போகும்" என்று பாட்டி யோசனை சொல்கிறாள். "போகட்டும் விடு. பால்தான் குடிக்கிறதே!" என்கிறார் கணவர்.

தாய் யார் பேச்சைக் கேட்பாள்?

பாட்டியின் யோசனை ஆபத்தானது. கணவரின் யோசனையும் சரியல்ல. இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல வழி இருக்கிறது.

நாக்கு ஏன் தள்ளுகிறது?

பிறந்த குழந்தைக்கு உறிஞ்சி விழுங்கத்தான் தெரியும். கெட்டியான பொருள் எது பட்டாலும் அதன் நாக்கு வெளியே தள்ளிவிடும். மூச்சு அடைத்துவிடாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. நான்கு மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையே இந்தப் பழக்கம் மெல்ல மறைகிறது. சில குழந்தைகளுக்குச் சற்றுத் தாமதம் ஆகும்.

ஆகவே, முதல் சில நாட்கள் சோற்றைத் தள்ளினால், "பிடிக்கவில்லை" என்று அர்த்தம் இல்லை. "எப்படி விழுங்குவது என்று தெரியவில்லை" என்றுதான் அர்த்தம். நடக்கப் பழகும் குழந்தை விழுவது போல, சாப்பிடப் பழகும் குழந்தை துப்புகிறது.

குழந்தை தயாராகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கழுத்து நன்றாக நிற்க வேண்டும். பிடித்து உட்கார வைத்தால் உட்கார வேண்டும். பெரியவர்கள் சாப்பிடும்போது தட்டை எட்டிப் பார்க்க வேண்டும். இவை இருந்தால் ஆரம்பிக்கலாம்.

பசி குறைவது இயற்கை

இன்னொரு உண்மை பல தாய்மார்களுக்குத் தெரிவதில்லை. முதல் ஆறு மாதத்தில் குழந்தை வளரும் வேகம், அடுத்த ஆறு மாதத்தில் இருப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைப் பாருங்கள். நன்றாக வளரும் ஆண் குழந்தை பிறக்கும்போது ஏறத்தாழ 3.3 கிலோ இருக்கும். ஆறாவது மாதத்தில் 7.9 கிலோ ஆகும். ஒரு வயதில் 9.6 கிலோ ஆகும். அதாவது முதல் ஆறு மாதத்தில் 4.6 கிலோ கூடுகிறது. அடுத்த ஆறு மாதத்தில் கூடுவது 1.7 கிலோதான்.

வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் அதற்குத் தக்கபடிதான் இருக்கும். வயிறும் சிறியது. 8 கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் 240 மில்லிதான் கொள்ளும். பெரிய கிண்ணத்தை வைத்துக்கொண்டு, "இதைக் காலி பண்ணு" என்றால் குழந்தை என்ன செய்யும்?

அப்படியானால் காத்திருக்கலாமா?

கூடாது!

ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். தண்ணீர்கூட வேண்டாம். அதன் பிறகு தாய்ப்பால் மட்டும் போதாது. முக்கிய காரணம் இரும்புச் சத்து.

தாயின் வயிற்றில் இருக்கும்போதே குழந்தை இரும்புச் சத்தைச் சேமித்துக்கொண்டு வருகிறது. அந்தச் சேமிப்பு ஏறத்தாழ ஆறு மாதத்தில் கரைந்துவிடுகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இன்னும் சீக்கிரம் கரையும். தாய்ப்பாலில் எத்தனையோ நன்மைகள் உண்டு. ஆனால் ஒரு லிட்டர் தாய்ப்பாலில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. பசும்பாலும் அப்படித்தான்.

இரும்புச் சத்து குறைந்தால் இரத்த சோகை வரும். குழந்தை சோர்ந்து போகும். மூளை வேகமாக வளரும் பருவம் அது. அதன் வளர்ச்சியும் பாதிக்கப்படும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இரத்த சோகை வந்தால் பசியும் மந்தமாகும்! சாப்பிடாததால் சோகை, சோகையால் இன்னும் சாப்பிடாமை.

2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 100-க்கு 67 பேருக்கு இரத்த சோகை இருப்பது அதில் தெரிய வந்தது. "பால்தான் குடிக்கிறதே" என்று இருந்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளுக்கு இரும்புச் சத்து மருந்தை அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. கிராம சுகாதார செவிலியரைக் கேட்டு வாங்கிக் கொடுக்கலாம்.

புகட்டினால் என்ன ஆகும்?

குழந்தையை மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்தால் அது வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். மூச்சு விடவும் வாய்தான், விழுங்கவும் வாய்தான். அந்த நேரத்தில் கஞ்சியை ஊற்றினால் அது மூச்சுக் குழாய்க்குள் போய்விடலாம். புரை ஏறும். நுரையீரலில் சளிக் காய்ச்சல் வரலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம்.

அந்த ஆபத்து நேராவிட்டாலும் வேறொரு கெடுதல் உண்டு. கிண்ணத்தைக் கண்டாலே குழந்தை பயப்பட ஆரம்பிக்கும். சோறு என்றால் அழுகை என்று அதன் மனத்தில் பதிந்துவிடும். இன்று பலாத்காரமாக நான்கு வாய் உள்ளே போகலாம். நாளை அந்த நான்கு வாயும் போகாது.

பதினைந்து குழந்தைகள் சொன்ன பாடம்

அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்று ஒரு பெண் டாக்டர் இருந்தார். 1920-களில் அவர் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அப்போதுதான் பால் மறந்த, ஆறு மாதம் முதல் பதினொரு மாதம் வரை வயதுள்ள 15 குழந்தைகளை அவர் கவனித்து வந்தார்.

தானியம், காய்கறி, பழம், முட்டை, மீன், இறைச்சி, பால் என்று 34 வகை உணவுகள் அவருடைய பட்டியலில் இருந்தன. அவற்றில் பல வகைகளை வேளைக்கு வேளை தனித்தனிக் கிண்ணத்தில் குழந்தையின் முன் வைப்பார்கள். பக்கத்தில் ஒரு நர்ஸ் கரண்டியுடன் பேசாமல் உட்கார்ந்திருப்பார். குழந்தை கையை நீட்டினால்தான் ஊட்டுவார். "இதைத் தின்னு" என்று சொல்ல மாட்டார். தின்னாவிட்டால் கோபிக்க மாட்டார்.

முடிவு என்ன? ஒரு நாள் அதிகம், ஒரு நாள் குறைவு என்று குழந்தைகள் தங்கள் மனம் போலச் சாப்பிட்டன. ஆனால் எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தன! 1939-ம் ஆண்டு டேவிஸ் இதை விவரமாக எழுதினார். முக்கியமான ஒரு விஷயத்தையும் அவர் மறைக்கவில்லை. பட்டியலில் சர்க்கரைப் பண்டம் எதுவும் கிடையாது. இருந்தவை எல்லாம் நல்ல ஆகாரம். ஆகவே குழந்தை எதை எடுத்தாலும் நன்மையாகவே முடிந்தது.

நல்ல ஆகாரத்தைத் தேர்ந்தெடுத்து வைப்பது பெரியவர்கள் வேலை. எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தையின் வேலை. பதினைந்து குழந்தைகள் சொன்ன பாடம் இதுதான்.

எப்படிக் கொடுப்பது?

நேரம்: தூக்கக் கலக்கத்தில் கொடுக்காதீர்கள். பால் குடித்த உடனேயும் வேண்டாம். பசியில் துடிக்கும்போதும் வேண்டாம். பால் குடித்து ஒரு மணி, ஒன்றரை மணி கழித்து, விளையாட்டு முகத்தோடு இருக்கும் வேளைதான் நல்லது.

அளவு: முதலில் இரண்டு மூன்று கரண்டி போதும். எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பது மாதம் முதல் மூன்று நான்கு வேளை. எட்டு மாதம் வரை குழந்தைக்கு வேண்டிய சக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாய்ப்பாலிலேயே கிடைத்துவிடுகிறது. ஆகவே, கொஞ்சமாகச் சாப்பிட்டாலும் பதற வேண்டாம்.

பதம்: கஞ்சித் தண்ணீர் வயிற்றை நிரப்பும், சத்தைத் தராது. கரண்டியைச் சாய்த்தால் உடனே வழிந்து ஓடாத பதம் வேண்டும். கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, மாவாக்கிக் காய்ச்சினால் அதிக மாவு சேர்த்தாலும் கூழ் இளக்கமாக இருக்கும். ஒரு சிறு கரண்டி நெய் சேர்த்தால் அதே அளவில் அதிக சக்தி கிடைக்கும்.

வகை: பருப்புச் சாதம், மசித்த வாழைப்பழம், இட்லி, வேகவைத்த உருளைக்கிழங்கு, பூசணி, கீரை மசியல், நன்றாக வெந்த முட்டை, முள் நீக்கிய மீன், வேகவைத்து மசித்த ஈரல் எல்லாம் கொடுக்கலாம். அங்கன்வாடியில் கிடைக்கும் சத்துமாவு நல்ல இணை உணவு. அதை வீட்டில் பெரியவர்கள் உருண்டை பிடித்துத் தின்றுவிடாமல் குழந்தைக்கே கொடுங்கள்!

பொறுமை: ஒரு புதிய ருசி பழக எட்டுத் தடவை, பத்துத் தடவை, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். இரண்டு நாள் துப்பியதும், "இதற்குக் கீரை ஆகாது" என்று முடிவு கட்டாதீர்கள். நான்கு நாள் விட்டு மறுபடி ஒரு சிறு வாய் வையுங்கள்.

கை: குழந்தை சோற்றைப் பிசையட்டும். முகத்தில் பூசிக்கொள்ளட்டும். தரையைத் துடைத்துக்கொள்ளலாம். கையால் தொட்டுப் பழகியதைத்தான் வாய் ஏற்றுக்கொள்ளும். குடும்பத்தார் சாப்பிடும்போது கூடவே உட்கார வையுங்கள். அப்பா மெல்லுவதைப் பார்த்துக் குழந்தையும் மெல்லும்.

நிறுத்தும் நேரம்: வாயை மூடினால், முகத்தைத் திருப்பினால், கரண்டியைத் தட்டிவிட்டால் "போதும்" என்று பொருள். சிரித்த முகத்தோடு கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம்.

பாலை நிறுத்தினால் சாப்பிடுமா?

மார்பில் வேப்பிலையை அரைத்துத் தடவிப் பால் மறக்கடித்தால் குழந்தை பசியில் சோறு தின்னும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு வயதுகூட ஆகாத குழந்தைக்கு இது பெரிய தண்டனை. சோறும் போய், பாலும் போய்விடும். இரண்டு வயது வரையும், அதற்கு மேலும்கூடத் தாய்ப்பால் கொடுக்கலாம். சோறு பாலுக்குத் துணை. பாலுக்கு எதிரி அல்ல.

இவை வேண்டாம்

பிஸ்கட், காப்பி, டீ, கடைச் சாறுகள் குழந்தையின் பசியைத் திருடிவிடும். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் சேர்க்காமல் இருப்பதே நல்லது. தேன் கட்டாயம் கூடாது. அதில் உள்ள ஒருவகைக் கிருமி கைக்குழந்தைக்குக் கடும் நோயை உண்டாக்கக் கூடும். முழு வேர்க்கடலை, முழு திராட்சை தொண்டையை அடைத்துவிடும்.

செல்போனில் படம் காட்டி ஊட்டுவதும் வேண்டாம். படம் பார்க்கும் குழந்தைக்குத் தான் தின்பதும் தெரியாது. வயிறு நிறைந்ததும் தெரியாது.

கெட்டியாகச் சாப்பிடும்போது குழந்தை ஓங்கரித்தால் பயப்படாதீர்கள். இருமும், முகம் சிவக்கும், தானே சரியாகும். ஆனால் சத்தமே வராமல், மூச்சு விட முடியாமல் திணறினால் தொண்டை அடைத்துவிட்டது என்று அர்த்தம். உடனே குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் தட்டி, உதவிக்கு ஆள் அழைக்க வேண்டும்.

டாக்டரிடம் எப்போது போவது?

மாதந்தோறும் அங்கன்வாடியில் எடை பாருங்கள். எடை படிப்படியாக ஏறி, குழந்தை கலகலப்பாக விளையாடினால் கவலை வேண்டாம். பக்கத்து வீட்டுக் குழந்தையின் கிண்ணத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் குழந்தையின் எடை அட்டையைப் பாருங்கள்.

எடை ஏறாமல் நின்றாலோ குறைந்தாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஓயாத வாந்தி, வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், வெளுத்த முகம், ஒவ்வொரு வாய்க்கும் புரை ஏறுதல், பாலும் குடிக்க மறுத்தல் ஆகியவையும் அசட்டை செய்யக் கூடாதவை. ஒன்பது மாதம் ஆகியும் எந்த ஆகாரத்தையும் ஏற்காவிட்டால் டாக்டரைக் கேட்பது அவசியம். கட்டியும் முட்டியுமான ஆகாரத்தைப் பத்து மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டால், பிறகு மென்று தின்னப் பழக்குவது கஷ்டமாகலாம்.

மற்றபடி, தினமும் வேளை தவறாமல் நல்ல ஆகாரத்தை முன்னே வையுங்கள். கூடவே உட்காருங்கள். பேசுங்கள், சிரியுங்கள். வாயைத் திறப்பதா, மூடுவதா என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும். இன்று ஒரு வாய் வாங்கும் குழந்தை, நாளை இரண்டு வாய் வாங்கும்.