பிழைத்தவரின் குற்ற உணர்வு: விபத்துக்குப் பின் தெரிந்திருக்க வேண்டியவை

சாலை விபத்தில் ஒருவர் இறந்து உடன் சென்றவர் உயிர் தப்பும்போது, தப்பியவரை வாட்டுவது துக்கம் மட்டுமல்ல. "அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கிளம்பியிருக்கலாமே", "அந்த வழியா போகலாம்னு நான்தானே சொன்னேன்", "போக வேண்டியவன் நான்" என்று மனம் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. உளவியலில் இது பிழைத்தவரின் குற்ற உணர்வு எனப்படுகிறது. நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்டவர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் வில்லியம் நீடர்லண்ட் 1960களில் இதை விரிவாகப் பதிவு செய்தார். 2004 சுனாமியில் பிள்ளையின் கை நழுவிப்போன தாயை வாட்டுவதும் இதே உணர்வுதான். இந்தியச் சாலைகளில் ஆண்டுதோறும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அந்த வீடுகள் பலவற்றில் இப்படி ஒருவர் இருக்கிறார்.

இந்த உணர்வின் வேர் பெரும்பாலும் ஒரு நினைவுப் பிழையில் இருக்கிறது. உளவியலாளர் பாருக் ஃபிஷ்ஹாஃப் 1975இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போர் போன்ற பழைய நிகழ்ச்சிகளைப் பலருக்குப் படிக்கக் கொடுத்தார். முடிவு சொல்லப்பட்டவர்கள், சொல்லப்படாதவர்களைவிட, அந்த முடிவை முன்பே கணித்திருக்க முடியும் என்று அதிகமாக நம்பினார்கள். நடந்தது தெரிந்த பிறகு, அது முன்பே தெரிந்திருந்ததாக மனம் மாற்றி எழுதிக்கொள்கிறது. கிளம்பும்போது அது வழக்கமான ஒரு பயணம்தான். விபத்துக்குப் பிறகுதான் ஒவ்வொரு சிறு முடிவும் எச்சரிக்கையாகத் தோன்றுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. "என்னால் எதுவும் செய்திருக்க முடியாது" என்ற கையறு நிலையைத் தாங்குவதைவிட, "என் தப்பு" என்று சொல்லிக்கொள்வது மனத்துக்கு எளிது.

வெளியிலிருந்து ஏற்றப்படும் பழி இதைவிடக் கொடியது. "உன்னை நம்பித்தானே அனுப்பினோம்" என்று பிழைத்தவரைக் கேட்பதும், கணவனை இழந்த பெண்ணை ராசியில்லாதவள் என்பதும் இன்றும் நடக்கின்றன. இது ஆறாத புண்ணில் கோல் இடும் கொடுமை. இத்தகைய பேச்சைத் துக்க வீட்டிலேயே நிறுத்துவது உறவினர் செய்யக்கூடிய முதல் உதவி.

குற்ற உணர்வு இருப்பதாலேயே குற்றம் இருந்தது என்று ஆகிவிடாது. இதைப் பிரித்துப் பார்க்க மனநல ஆலோசகர்கள் பயன்படுத்தும் ஒரு பயிற்சி உண்டு. தம்பியைப் பைக்கில் பின்னால் ஏற்றி இரவில் வீடு திரும்பிய ஒருவர், பின்விளக்கு எரியாமல் சாலையில் நின்ற லாரியில் மோதினார், தம்பி இறந்தான் என்று வைத்துக்கொள்வோம். தாளில் ஒரு வட்டம் வரையச் சொல்கிறார்கள். விபத்துக்குக் காரணமான ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு துண்டு ஒதுக்க வேண்டும்: விளக்கில்லாத லாரி, எச்சரிக்கைப் பலகை வைக்காத அதன் ஓட்டுநர், எரியாத தெருவிளக்கு, எதிரே கண்ணைக் கூசவைத்த வண்டி, தலைக்கவசம் இல்லாத பயணம். தன் பங்கை எழுதுவது கடைசியில்தான். முதலிலேயே எழுதினால் வட்டம் முழுவதையும் அதுவே விழுங்கிவிடும். கடைசியில் எழுதும்போது அவருடைய வேகத்துக்கும் ஒரு துண்டு கிடைக்கிறது. ஆனால் ஒரு துண்டுதான்.

உண்மையாகவே தவறு செய்தவர்களும் இருக்கிறார்கள். குடித்துவிட்டு ஓட்டியவரிடம் "உன் மேல் தப்பில்லை" என்று ஆறுதல் சொல்வது பொய். கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. அவர்களுக்கான வழி, தவறை ஒப்புக்கொள்வது, சட்டத்தை எதிர்கொள்வது, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இயன்ற ஈடு செய்வது, மீண்டும் அப்படி ஓட்டாதிருப்பது. காலமெல்லாம் தன்னைத் தானே தண்டித்துக்கொள்வதால் இறந்தவரின் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை.

விபத்துக்குப் பின் சில வாரங்கள் தூக்கமின்றித் தவிப்பது இயல்பு. சாப்பாட்டையும் வேலையையும் விட்டுவிடுவது, குடியில் மூழ்குவது, அந்தக் காட்சி திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, "நானும் போய்ச் சேர்ந்திருக்கலாம்" என்று சொல்வது ஆகியவை சிகிச்சை தேவை என்பதன் அடையாளங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்றால் அவரைத் தனியே விடக்கூடாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் உண்டு.

சிகிச்சை பெறுவது சலுகை அல்ல, உரிமை. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை அனைவருக்கும் தருகிறது. சிகிச்சை விவரம் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும். உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரப்பட வேண்டும் என்கிறது 21ஆவது பிரிவு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்படுவார் என்கிறது 115ஆவது பிரிவு. எனவே வழக்குக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கத் தேவையில்லை.

குற்ற உணர்வு உரிமைகளையும் பறித்துவிடுகிறது. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி "முழுக்க என் தப்புதான் சார்" என்று போலீஸிடம் சொல்லிவிடுபவர்கள் உண்டு. நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். நினைவில் இல்லாததை நினைவில்லை என்றே சொல்லலாம். தப்பு யார் மீது என்பதை விசாரணை முடிவு செய்யட்டும். இன்னும் சிலர், "செத்தவன் பேர்ல காசு வாங்கவா" என்று இழப்பீட்டு மனுவே போடுவதில்லை. இறந்தவரின் வருமானத்தை நம்பியிருந்த பெற்றோரும் பிள்ளைகளும்தான் இதனால் தவிக்கிறார்கள்.

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமும் ஏறக்குறைய அந்த வட்டத்தைத்தான் வரைகிறது. யாருடைய கவனக்குறைவு எத்தனை விழுக்காடு என்று பிரிக்கிறது. இறந்தவர் பக்கமும் தவறு இருந்தால் அந்தப் பங்கு மட்டுமே குறையும். மனு தள்ளுபடி ஆகாது. பின்னால் அமர்ந்து சென்றவர் இறந்திருந்தால், ஓட்டியவரின் தவறைக் காட்டி இறந்தவருடைய குடும்பத்தின் இழப்பீட்டைக் குறைக்க முடியாது. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும். துக்கத்தில் இருப்பவர் இந்தக் கெடுவைத் தவறவிடாதபடி நெருங்கியவர் ஒருவர் பொறுப்பேற்பது நல்லது. விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, மனுதாரர் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் மனு செய்யலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரை இலவசமாக அமர்த்தித் தரும். உதவிக்கு 15100 எண்ணை அழைக்கலாம். மோதிய வண்டி நிற்காமல் போய், எதுவென்று தெரியாவிட்டாலும், வருவாய்த் துறையின் விசாரணை அலுவலரிடம் விண்ணப்பித்தால் மரணத்துக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும்.