நித்தியகல்யாணி: இலைக்குள் ஒரு மருந்துச்சாலை

முன்னுரை

வேலியோரத்திலும் குப்பைமேட்டிலும் அடக்கத்தலங்களிலும் எவரும் நீர் வார்க்காமலேயே ஆண்டு முழுவதும் பூத்து நிற்கும் செடி நித்தியகல்யாணி. எந்நாளும் மலர்ந்திருப்பதால் இப்பெயர் பெற்றது. இடுகாடுகளில் மிகுதியாகக் காணப்படுவதால் சுடுகாட்டுப்பூ என்ற பெயரும் இதற்கு உண்டு. மங்கலத்தையும் மரணத்தையும் ஒருங்கே தன் பெயர்களில் தாங்கிய செடி இதனைப் போல் வேறொன்று இருத்தல் அரிது.

ஆடும் மாடும் இதனைத் தீண்டுவதில்லை. அதன் இலை அத்துணைக் கசப்புடையது. அக்கசப்பிலிருந்தே குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தணிக்கும் மருந்து கிடைத்தது. செடி அதனை எவ்வாறு ஆக்குகிறது? ஆக்கும் முறை அதனுள் எங்கே எழுதப்பட்டுள்ளது? இவ்வினாக்களுக்கு அறிவியலார் கண்ட விடைகளை இக்கட்டுரையில் காண்போம்.

காரமும் ஆல்கலாய்டும்

ஓடி ஒளிய இயலாத செடி, தன்னைத் தின்ன வரும் உயிர்களை வேதிப்பொருள்களால் எதிர்க்கிறது. அவ்வாறு தாவரங்கள் ஆக்கும் பொருள்களுள் நைட்ரஜனைக் கொண்ட ஒரு பெருவகையே ஆல்கலாய்டுகள். காப்பியிலுள்ள காஃபீன், புகையிலையின் நிகோட்டின், சின்கோனா மரப்பட்டையின் குயினைன், கசகசாச் செடியின் மார்ஃபீன் ஆகிய அனைத்தும் இவ்வகையினவே.

இச்சொல்லின் பிறப்பு சுவையானது. உவர்நிலச் செடிகளை எரித்துப் பெற்ற சாம்பலை அரபு மக்கள் ‘அல்கலீ’ என்றனர். அச்சொல்லே ஐரோப்பிய மொழிகளில் காரத்தைக் குறிக்கும் ‘ஆல்கலி’ ஆயிற்று. 1819இல் ஜெர்மானிய மருந்தியலார் மெய்ஸ்னர், காரத்தை ஒத்த தாவரப் பொருள்களுக்கு ‘ஆல்கலாய்டு’ எனப் பெயரிட்டார். ஒரு செடியின் சாம்பலிலிருந்து பிறந்த சொல் மீண்டும் செடிகளையே வந்தடைந்தது எனலாம்.

இத்துறையில் நம் துணைக்கண்டத்தின் பங்கும் குறைந்ததன்று. தில்லி திப்பியா கல்லூரியில் ஆய்வு செய்த சலீமுஸ்ஸமான் சித்தீக்கி, 1931இல் சர்ப்பகந்தா வேரிலிருந்து ஓர் ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தார். தம்மை இவ்வாய்வில் ஊக்கிய யூனானி மருத்துவ மேதை ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அதற்கு ‘அஜ்மலீன்’ எனப் பெயரிட்டார். இதயத் துடிப்பின் ஒழுங்கின்மை தொடர்பான மருத்துவத்தில் அது பயன்பட்டது. சர்ப்பகந்தாவும் நித்தியகல்யாணியும் அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த செடிகள் என்பதை ஈண்டு நினைவில் கொள்ளுதல் வேண்டும். பின்னர் இச்செய்தி நமக்குத் தேவைப்படும்.

தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று

ஜமைக்கா தீவில் நித்தியகல்யாணி இலைக் கஷாயத்தைச் சர்க்கரை நோய்க்குப் பருகும் வழக்கம் இருந்தது. 1952இல் அத்தீவிலிருந்து சில இலைகள் கனடா நாட்டு மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு வந்து சேர்ந்தன. அவர் அவற்றை மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த தம் உடன்பிறந்தார் இராபர்ட் நோபிளிடம் ஒப்படைத்தார். எலிகளுக்குக் கஷாயம் கொடுத்தபோது அவற்றின் இரத்தச் சர்க்கரையில் மாற்றமில்லை. ஊசிவழிச் செலுத்தியபோதோ எலிகள் தொற்றுநோய் கண்டு மடிந்தன. காரணம் ஆராய்ந்தபோது, அவற்றின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் பெரிதும் குறைந்திருந்தமை தெரியவந்தது.

பிறர் இதனைத் தோல்வி என்று ஒதுக்கியிருக்கக் கூடும். நோபிள் ஒதுக்கவில்லை. வெள்ளணுக்கள் அளவின்றிப் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்! வேதியியலார் சார்லஸ் பீர் அவருடன் இணைந்தார். 1958இல் ‘வின்பிளாஸ்டீன்’ என்ற ஆல்கலாய்டைப் பற்றிய செய்தியை இருவரும் உலகுக்கு அறிவித்தனர். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தாரும் இச்செடியைத் தனியே ஆராய்ந்து வந்தனர். அவர்கள் கண்ட ‘வின்கிரிஸ்டீன்’ 1963இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது.

இம்மருந்துகள் செயற்படும் விதத்தை ஓர் உவமையால் விளக்கலாம். உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதனுள் மிக நுண்ணிய இழைகள் தோன்றி, குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துப் பிரிக்கின்றன. அவ்விழைகள் உருவாகாதவாறு இம்மருந்துகள் தடுக்கின்றன. பாவு நூல் இல்லாத தறியில் நெசவு நிற்பது போல, இழையில்லாத உயிரணுவில் பிரிதல் நின்றுவிடுகிறது. ஓயாமல் பிரியும் புற்றணுக்கள் இதனால் மடிகின்றன.

1960களின் தொடக்கத்தில் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை பிழைப்பது அரிதாக இருந்தது. இன்று நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளில், குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய் வகையில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் பிழைக்கின்றனர். பல மருந்துகளின் கூட்டு முயற்சி அது. அக்கூட்டில் நம் வேலியோரச் செடியின் மருந்தும் ஒன்று.

ஒரு கிராமுக்கு எத்தனை இலை?

இங்கேதான் இடர்ப்பாடு தொடங்குகிறது. ஒரு கிராம் வின்பிளாஸ்டீன் பெற ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். ஒரு கிராம் வின்கிரிஸ்டீனுக்கோ ஏறத்தாழ 2,000 கிலோ. ஒரு பாரவண்டி நிறைய இலையை ஏற்றிச் சென்று, ஒரு சிட்டிகைப் பொடியைப் பெற்றுத் திரும்புவதற்கு இது ஒப்பாகும்.

வேதியியலார் ஆய்வகத்தில் இதனைச் செய்துவிடலாகாதா எனின், செய்து காட்டியுள்ளனர். ஆயின், வின்பிளாஸ்டீனின் ஒரு மூலக்கூறில் 117 அணுக்கள் சிக்கலான முறையில் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைத் தொடக்கத்திலிருந்து கோத்துப் பெருமளவில் ஆக்குவது கட்டுபடியாகாத செலவு. ஆதலால் உலகம் இன்றும் இலையையே பெரிதும் நம்பியுள்ளது. தமிழகத்தின் தென்மாவட்ட மானாவாரி நிலங்களிலும் இச்செடி பயிராக விளைகிறது.

ஆக்குவோர் சிலராயின் தட்டுப்பாடு எளிதில் வரும். 2019இல் அமெரிக்காவிலேயே வின்கிரிஸ்டீனுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. செல்வம் மிக்க நாட்டில் பெற்றோர் தம் பிள்ளைக்கு உரிய மருந்து கிடைக்குமா எனக் கலங்கி நின்றனர் எனில், ஏனைய நாடுகளின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

முப்பது படிகளும் விருந்துக்கூடமும்

செடி மட்டும் இதனை எவ்வாறு ஓசையின்றி ஆக்குகிறது? இதற்குச் செடி இரு வழிகளில் தொடங்குகிறது. எல்லா உயிர்களிலும் உள்ள டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஒரு பொருளை ஆக்குகிறது. ரோசா மலரின் மணத்தில் கலந்துள்ள ஜெரானியால் என்ற பொருளைப் பல படிகளில் மாற்றி மற்றொன்றை ஆக்குகிறது. இவ்விரண்டையும் ஒரு நொதி இணைக்கிறது. இணைந்து பிறப்பதே ‘ஸ்ட்ரிக்டோசிடீன்’. இதுவே முச்சந்தி. இங்கிருந்து ஒரு பாதை சர்ப்பகந்தாவின் அஜ்மலீனுக்கும், மற்றொரு பாதை நித்தியகல்யாணியின் வின்பிளாஸ்டீனுக்கும் செல்கிறது. இணைக்கும் அந்நொதிக்குரிய மரபணு 1988இல் முதன்முதலாகப் பிரித்தறியப்பட்டது சர்ப்பகந்தாவிலிருந்துதான். சித்தீக்கி ஆராய்ந்த செடி, அரை நூற்றாண்டுக்குப் பின் தன் உறவுச் செடிக்கு வழிகாட்டியது.

தொடக்கம் முதல் இறுதி வரை ஏறத்தாழ முப்பது படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி. ஒவ்வொரு நொதிக்கும் ஒரு மரபணு. பல்லாயிரம் மரபணுக்களுள் உரியதை எவ்வாறு கண்டறிவது?

கல்யாண விருந்துக்கூடத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவர் வெங்காயம் உரிக்கிறார். ஒருவர் அரிகிறார். ஒருவர் தாளிக்கிறார். அரிபவர் அன்று வரவில்லையெனில் உரித்த வெங்காயம் குவிந்து கிடக்கும். தாளிப்பவர் கை வேலையின்றி நிற்கும். யார் வரவில்லை என்பதை அக்குவியலே சொல்லிவிடும். ஆய்வாளரும் இதனையே செய்தனர். ஐயத்துக்குரிய மரபணு ஒன்றை இலையில் செயலற்றதாக்கி, எப்பொருள் குவிகிறது, எப்பொருள் குறைகிறது என்று அளந்தனர். இவ்வாறு ஒவ்வொன்றாகத் தேடி, இறுதியில் விடுபட்டிருந்த நொதிகளை 2018இல் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தைச் சேர்ந்த சாரா ஓ’கானர் குழுவினர் கண்டறிந்தனர்.

மற்றொரு வியப்பும் உண்டு. இம்முப்பது படிகளும் ஓரிடத்தில் நிகழ்வதில்லை. இலை நரம்பையொட்டிய உயிரணுக்களில் தொடங்கி, புறத்தோலில் தொடர்ந்து, தனிச்சிறப்புடைய வேறு உயிரணுக்களில் முடிகின்றன. நஞ்சும் அதனைத் தூண்டும் நொதியும் ஓர் உயிரணுவிலேயே வெவ்வேறு அறைகளில் வைக்கப்பட்டுள்ளன. புழு இலையைக் கடித்துச் சிதைக்கும்போதுதான் இரண்டும் கலக்கின்றன. வெடிமருந்தையும் தீக்குச்சியையும் ஓரறையில் வையாத அறிவு அது.

ஈஸ்டுக்குள் புகுந்த செடி

மரபணுக்கள் அனைத்தும் தெரிந்தபின், அவற்றை வேறோர் உயிரில் பொருத்தலாகாதா என்ற எண்ணம் எழுந்தது. ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்டில், ஜே கீஸ்லிங் உள்ளிட்ட ஆய்வாளர்கள் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 34 தாவர மரபணுக்களைப் புகுத்தினர். அந்த ஈஸ்ட், வின்பிளாஸ்டீனின் இரு பாதிகளையும் ஆக்கித் தந்தது. அவ்விரண்டையும் வேதிமுறையில் இணைத்து வின்பிளாஸ்டீனைப் பெற்றனர். இச்செய்தி 2022இல் வெளிவந்தது. கிடைத்த அளவு லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான் இருந்தது. ஆயினும் வழி திறந்துவிட்டது.

யாருக்கு உரியது?

வழி திறக்கும்போது ஒரு வினாவும் உடன் எழுகிறது. நித்தியகல்யாணியின் தாயகம் மடகாஸ்கர். அதன் இலையால் பிற நாடுகள் பெரும்பொருள் ஈட்டின. அந்த ஏழை நாட்டுக்குப் பங்கு ஏதும் கிட்டவில்லை. இத்தகைய குறைகளைக் களையவே 1992இல் உயிர்ப்பன்மைப் பேருடன்படிக்கை உருவாயிற்று. 2002இல் நம் நாடும் தனிச் சட்டம் இயற்றியது. ஆனால், இன்று இலை எல்லை கடக்க வேண்டியதில்லை. அதன் மரபணு எழுத்து கணிப்பொறி வழியாகக் கடந்துவிடுகிறது. அவ்வெழுத்தின் பயனையும் பகிர்தல் வேண்டும் என 2022இல் மாண்ட்ரியல் மாநாட்டில் நாடுகள் உடன்பட்டன.

ஒருபுறம், மருந்து தடையின்றிக் கிடைக்க வேண்டிய குழந்தை. மறுபுறம், இலை விற்றுப் பிழைக்கும் மானாவாரி உழவர். ஈஸ்ட் வென்றால் முன்னவர் பயன்பெறுவர். பின்னவர் நிலை என்னாகும்? குழந்தையின் உயிர் முதன்மையானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயின், அவ்வுயிரைக் காக்க இதுநாள்வரை இலை தந்த கைகளை மறந்துவிடுதல் அறமாகாது. மாற்று வருவதற்கு முன்பே அவர்தம் வாழ்வுக்கு வழி காணுதல் அறிந்தோர் கடமை.

முடிவுரை

இதனைப் படிக்கும் பெரியவர்களிடம் ஒன்றைப் பணிவுடன் கூற விழைகிறோம். சர்க்கரை நோய்க்கு இவ்விலையையும் பூவையும் மென்று விழுங்கும் வழக்கம் இன்றும் சிலரிடம் உள்ளது. மேலே கண்ட எலிகளின் கதை அதற்கு எச்சரிக்கையாகும். துல்லியமாக அளந்து, மருத்துவர் கண்காணிப்பில் செலுத்தினால் மருந்தாவது, அளவறியாது உட்கொண்டால் நஞ்சாகும்.

மாணவச் செல்வங்களிடம் கூறுவது வேறொன்று. ஒரு தீவு மக்களின் கஷாயம் ஆய்வகத்தை எட்டியதால் மருந்து பிறந்தது. நம் ஊரிலும் மூலிகைகளின் பெயரும் பயனும் அறிந்த பாட்டிமார்கள் இருக்கின்றனர். அவர்தம் சொற்களைத் தொகுப்பது தமிழ் பயில்வோர் பணி. அவற்றைச் சோதித்து மெய்யும் பொய்யும் பிரிப்பது அறிவியல் பயில்வோர் பணி. இரு துறையினரும் ஒரே கல்லூரி வளாகத்தில்தான் இருக்கின்றனர். இடையில் உள்ள சில அடிகளை நடந்து கடத்தல் வேண்டும்.