மலைநாட்டின் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை

கலைக் குடும்பத்திற் பிறந்த பிள்ளை எழுதுகோலைக் கையிலெடுப்பது பிரெஞ்சு நாட்டில் வியப்புக்குரிய செய்தியன்று. ஓவியர் ஒகுஸ்ட் ரெனுவாரின் மகன் ழான் ரெனுவார் திரைப்படக் கலைஞராகப் புகழ் பெற்றதோடு நில்லாமல், 1962ஆம் ஆண்டில் தம் தந்தையாரின் வாழ்க்கையையும் நூலாக எழுதி வெளியிட்டார். வண்ணமும் தூரிகையும் நிறைந்த வீடு, வந்துபோகும் கலைஞர்கள், படிக்கப் புத்தகங்கள் ஆகிய யாவும் அவருக்குப் பிறப்போடு வாய்த்தன. இலங்கையின் தேயிலை மலைகளிலே, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் வரிசையாய் அமைந்த லயங்களின் நடுவே, அத்தகைய வீட்டை எங்கே தேடுவது?

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக உடப்புசல்லாவை நோக்கிச் செல்லும் பாதையில் ராகலை இருக்கிறது. தேயிலை ஏற்றுவதற்கென்றே நானுஓயாவிலிருந்து அவ்வூர் வரைக்கும் ஒருகாலத்தில் சிறு இரயில் ஓடியது. சென் லெனாட்ஸ், லிடஸ்டேல் என்று ஆங்கிலப் பெயர் தாங்கிய தோட்டங்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. வீடுதோறும் ஓவியமும் வீணையும் அங்கு இருந்ததில்லை. ஆயினும் மாசி மாதம் பிறந்துவிட்டால் தோட்டம் முழுவதுமே ஒரு கலைக் குடும்பமாகிவிடும். அமாவாசை கழிந்ததும் காமன் ஊன்றுவார்கள். பகலெல்லாம் கவ்வாத்துக் கத்தி பிடித்த இளைஞன் இரவிலே ரதியாக வேடம் புனைந்து, எரிந்துபோன கணவனுக்காகப் புலம்புவான். தப்பு முழங்கும். சிலர் வேண்டுதலுக்காக வேடம் கட்டுவர். சிலர் தந்தை கட்டிய வேடத்தைத் தாமும் கட்டுவர். அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் இவ்வாறே நடைபெற்றன. ராகலையில் எப்படியோ, அப்படியே தலவாக்கலையிலும் அட்டனிலும், வட்டக்கொடையை அடுத்த மடகொம்பரையிலும் என்க.

அந்த மடகொம்பரைத் தோட்டத்திலேதான் 1914ஆம் ஆண்டில் சி. வி. வேலுப்பிள்ளை பிறந்தார். அவருடையது கங்காணிக் குடும்பம். இதனை மறைப்பதற்கில்லை, மறைத்தால் அவருடைய எழுத்தின் ஒரு பாதி விளங்காமற் போகும். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டிக் கடல் கடத்திக் கொணர்ந்தவரும், வேலைக்கு வரும் ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு வாங்கியவரும், தொழிலாளியின் கடன் கணக்கைக் கையில் வைத்திருந்தவரும் கங்காணியே. கடனைக் குறித்த துண்டுச் சீட்டு இல்லாமல் ஒருவன் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற இயலாதிருந்த நிலை 1921ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் நீங்கியது. அப்போது வேலுப்பிள்ளைக்கு ஏழு வயது. லயத்துப் பிள்ளைகளுக்குக் கிட்டாத கல்வி, கங்காணி வீட்டுப் பிள்ளைக்குக் கிட்டியது. அட்டன், நுவரெலியா, கொழும்பு ஆகிய இடங்களில் அவர் பயின்றார். ஆங்கிலத்தைத் தம் மொழிபோல ஆளும் திறம் பெற்றார். ஆனால் கூத்தும் தெம்மாங்கும் ஒப்பாரியும் லயத்துப் பிள்ளைகளோடு அவரும் கேட்டவைதாம். மேலே சொன்ன பிரெஞ்சு வீட்டுக்கு ஈடாக அவருக்கு வாய்த்த கலைக் குடும்பம் இதுவே.

1934ஆம் ஆண்டில் மகாகவி தாகூர் தம் கலைக்குழுவினருடன் கொழும்புக்கு வந்தார். இருபது வயதை எட்டியிராத வேலுப்பிள்ளை, ஆங்கிலத்தில் தாம் எழுதிய 'விஸ்மாஜினி' என்னும் இசைநாடகத்தை அப்பெரியாரின் கையிற் கொடுத்தார். தாகூரின் குடும்பமோ இந்தியா அறிந்த கலைக் குடும்பம். தமையன்மார் எழுத்தாளர், தமையன் மக்கள் ஓவியர். அத்தகைய மாளிகையிலிருந்து வந்த ஒருவரை மலைநாட்டு இளைஞர் ஒருவர் குருவாக வரித்துக்கொண்டார். இதனால் நன்மையும் விளைந்தது, சிறிது தீமையும் விளைந்தது. அவருடைய தொடக்ககால ஆங்கிலக் கவிதைகளில் தாகூரின் நறுமணம் அளவுக்கு மேல் வீசுகிறது. மலர்களும் நிலவும் நிறைந்திருக்கும் அப்பாடல்களில் தேயிலைச் செடியைத் தேடித்தான் காணவேண்டும்.

செடி எப்போது கவிதைக்குள் வந்தது? அரசியல் வந்த பிறகு வந்தது எனலாம்.

1930களில் கோ. நடேசய்யரும் அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் தோட்டங்களில் தொழிலாளர் இயக்கத்தை வளர்த்தனர். அய்யர் எழுதுவார், பேசுவார், அம்மையார் பாடுவார். பேச்சு புரியாதவர்க்கும் பாட்டுப் புரிந்தது. 1939ஆம் ஆண்டில் ஜவகர்லால் நேரு இலங்கைக்கு வந்ததையொட்டி இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. வேலுப்பிள்ளை அதிற் சேர்ந்து உழைத்தார். 1947ஆம் ஆண்டின் பொதுத் தேர்தலில் அக்காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகச் சென்றவர் வேலுப்பிள்ளை, நுவரெலியாவுக்கு எஸ். தொண்டமான். கொழுந்தெடுக்கும் பெண்களும் கவ்வாத்து வெட்டும் ஆண்களும் வரிசையில் நின்று வாக்களித்துத் தமக்கென எழுவரை அனுப்பிய அந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாட்டின் குடிகளல்லர் என்று ஆக்கியது. 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் குடியுரிமை இல்லாதவரின் வாக்கையும் எடுத்துக்கொண்டது. 1952ஆம் ஆண்டில் அடுத்த தேர்தல் நடந்தபோது, அந்த எழுவரைத் தேர்ந்தெடுத்த மக்களிற் பலருக்கு வாக்களிக்க இடமில்லை. அவர்கள் சார்பில் எவரும் பாராளுமன்றம் செல்லவில்லை.

உறுப்பினர் பதவி போயிற்று, எழுத்து வந்தது. 1950களின் தொடக்கத்தில் வெளிவந்த அவருடைய ஆங்கில நெடுங்கவிதை, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தையே தலைப்பாகக் கொண்டது. விடியற்காலையில் தப்பொலி கேட்டு லயம் விழிப்பது, பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவது, மலைச்சரிவில் கூடை சுமந்து ஏறுவது, உரமாகிப்போன முன்னோரின் உடல்மீது செடி தழைப்பது ஆகியன அதிலே வருகின்றன. இங்கே தாகூரின் குரல் தணிந்து தப்பின் குரல் ஓங்குகிறது. அக்கவிதையைச் சக்தி அ. பாலையா தமிழாக்கி, 'தேயிலைத் தோட்டத்திலே' என்னும் பெயரால் 1969ஆம் ஆண்டில் நூலாக்கினார். யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்களுடைய மொழிக்கு அது வந்துசேரப் பல ஆண்டுகள் சென்றன. ஆங்கிலத்தில் ஏன் எழுதினார் என்று கேட்போர் உண்டு. தொழிலாளியின் துயரைத் தொழிலாளிக்கே எடுத்துரைக்க வேண்டியதில்லை. துரைமாரும் கொழும்பின் பெரிய மனிதரும் வாசிக்கும் மொழியில் அது சொல்லப்படவேண்டும் என்பது வலுவான விடையே. 1970ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய உரைநடைச் சித்திரங்களின் தொகுப்புக்கும் இது பொருந்தும். உழைக்கப் பிறந்தவர்கள் என்பது அதன் பெயரின் பொருள். கங்காணி, கணக்கப்பிள்ளை, பண்டாரம், சாமியாடி, தோட்டத்துக் கிழவி எனப் பலரும் அதிற் பெயரும் முகமும் பெற்றுத் தோன்றுவர்.

பின்னர் அவர் தமிழிலும் நாவல்கள் தந்தார். அவற்றுள் 'வீடற்றவன்' குறிப்பிடத்தக்கது. தோட்டத்தில் சங்கம் அமைக்க முயலும் ஒரு தொழிலாளியின் கதை அது. ஒரு நுட்பம் இங்கே கவனிக்கத்தக்கது. நகரத்துத் தொழிலாளி வேலையை இழந்தால் வேலையை மட்டுமே இழக்கிறான். வாடகை கொடுக்கும் வரையிலாவது வீடு அவனுக்கு உண்டு. தோட்டத்திலோ லயத்து அறை வேலையோடு ஒட்டியது. பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால், அவனும் மனைவியும் பிள்ளைகளும் பானை சட்டியோடு பாதைக்கு வரவேண்டியதே. குடியுரிமையற்ற அவனுக்கு அந்த அறைக்கு அப்பால் ஊரும் இல்லை, நாடும் இல்லை. தலைப்பிலுள்ள ஒரு சொல்லில் இவ்வளவும் அடங்கும். கதைக்கட்டு சில இடங்களில் தளர்ந்திருப்பது உண்மை. பாத்திரங்கள் பேசும் தோட்டத்துப் பேச்சு எங்கும் தளரவில்லை.

தொழிற்சங்கப் பணியை அவர் இறுதிவரை விட்டாரில்லை. வீ. கே. வெள்ளையன் 1965ஆம் ஆண்டில் நிறுவிய தொழிலாளர் தேசிய சங்கத்தில் அவரும் ஈடுபட்டு உழைத்தார். 'மாவலி' என்னும் இதழையும் நடத்தினார். அதற்கு முந்திய ஆண்டு, 1964இல், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தனர். நாடற்றோர் 975,000 பேர் என்று கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று வகுத்தனர். எஞ்சிய 150,000 பேரின் கதி 1974ஆம் ஆண்டு வரை ஒத்திவைக்கப்பட்டது. அதன்படி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இரயிலேறித் தலைமன்னார் சென்று கப்பலேறின. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று லயங்கள் பிரிந்தன. கூத்தில் ரதியாக ஆடியவன் போய்விட்டான். தப்படித்தவன் மட்டும் இருந்தான்.

இந்நிலையிலேயே அவருடைய மற்றொரு பணியின் அருமை புலப்படுகிறது. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, தெம்மாங்கு, கங்காணியைக் கேலி செய்யும் பாட்டு, கடல் கடந்து வந்த கதையைச் சொல்லும் பாட்டு எனப் பலவற்றையும் அவர் தோட்டந்தோறும் கேட்டு எழுதி வைத்தார். ஏட்டில் ஏறாத இப்பாடல்கள் பாடியவளோடு மறையக்கூடியவை. பாடியவள் கப்பலேறிவிட்டால் அவளைத் தேடிக் கண்டுபிடிப்பது எங்ஙனம்? அவர் திரட்டியவை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூலாக 1983ஆம் ஆண்டில் வெளிவந்தன. அவருடைய கவிதைகளும் நாவல்களும் காலத்தால் மங்கினாலும் இத்தொகுப்பு மங்காது என்று துணிந்து கூறலாம். கங்காணியைப் பழித்து லயத்துப் பெண்கள் பாடிய வரிகளையும், கங்காணி வீட்டில் பிறந்த அவர் ஒன்றும் குறைக்காமல் அதிற் சேர்த்தார்.

வேலுப்பிள்ளை 1984ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் காலமானார். 'நாடற்றவர் கதை' என்னும் அவருடைய நூல் அவர் மறைந்த பின்னரே, 1987ஆம் ஆண்டில், வெளிவந்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 1947ஆம் ஆண்டில் அவருக்கு வாக்களித்தவர்களுள் அப்போது உயிரோடிருந்தோர் எழுபது வயதைத் தாண்டியிருப்பர்.