₹4,242 கோடிக்கு ஒரு வெப்சைட்டா? இன்கம் டேக்ஸ் போர்ட்டல் கதை

அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை பார்க்குற ஒரு தம்பி, ஃபார்ம் 16-ஐ என் டேபிள்ல வச்சிட்டு கேட்டார்: "சார், அந்த வெப்சைட்டுக்கு 4,242 கோடியாமே? நாங்க நாலு ஃப்ரெண்ட்ஸ் உட்கார்ந்தா ஆறு மாசத்துல முடிச்சிடுவோம்!"

பாதி தப்பு, பாதி ரொம்ப சரி.

தப்பு எதுன்னா, அது வெறும் வெப்சைட்டுக்கான விலை இல்ல. 2019 ஜனவரியில மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த அந்தத் தொகை எட்டரை வருஷத்துக்கானது. ரிட்டர்ன் ஃபைல் பண்ற தளம், அதை ப்ராசஸ் பண்ற பெங்களூரு மையம், ஜிஎஸ்டி, வாடகை, தபால் செலவு எல்லாம் அதுல அடக்கம். வருஷத்துக்குச் சுமார் 500 கோடி. 2021 ஜூன் வரைக்கும் இன்ஃபோசிஸுக்குக் கொடுத்தது 164.5 கோடிதான்னு அரசே நாடாளுமன்றத்துல சொல்லியிருக்கு.

சரி எதுன்னா, இவ்வளவு செலவு பண்ணியும் நடந்தது என்ன? பழைய தளத்தை ஜூன் 1-ல மூடி, 7-ஆம் தேதி புதுசைத் திறந்தாங்க. ஃபைலிங் சீசன்ல! ஒரு மாற்று வழியும் இல்லாம. லாகின்ல இருந்தே தகராறு. ஆகஸ்ட் 21, 22 ரெண்டு நாளும் தளமே கிடைக்கல. 23-ஆம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், இன்ஃபோசிஸ் சிஇஓ சலில் பரேக்கை நேர்ல கூப்பிட்டு விளக்கம் கேட்டார். ஏற்கெனவே செப்டம்பர் 30-க்குத் தள்ளி வச்சிருந்த கடைசி தேதி, அப்புறம் டிசம்பர் 31-க்குத் தள்ளிப்போச்சு.

ஏன் இப்படி? கான்ட்ராக்ட் போனது ஓப்பன் டெண்டர்ல, குறைஞ்ச விலை சொன்னவருக்கு. நம்ம பாஷையில எல்-1. பூந்தமல்லி பக்கம் வீடு கட்டினவங்களைக் கேட்டுப் பாருங்க: பிளான் மாறாத வரைக்கும்தான் கம்மி கொட்டேஷன் லாபம். டேக்ஸ்ல பிளான் வருஷா வருஷம் பிப்ரவரி 1-ஆம் தேதி மாறும். 2019-ல ஒப்புதல் வாங்கின ப்ராஜெக்ட்டுக்கு, 2020 பட்ஜெட்டே 'நியூ டேக்ஸ் ரெஜிம்'னு ஒண்ணைக் கொண்டு வந்துச்சு!

அப்போ அதிகாரி ஏன் எல்-1-ஐ விட மாட்டேங்கிறார்? ஆடிட் பண்றவன் நான், எனக்குத் தெரியும். விலை கூடக் கொடுத்தா "ஏன்?"னு கேள்வி வரும். மலிவா வாங்கி சொதப்பினா கோப்புல தப்பு எதுவும் தெரியாது. 2021 அக்டோபர்ல நிதியமைச்சகம் தரத்துக்கும் மதிப்பெண் கொடுக்குற முறையை இன்னும் பல வகை டெண்டர்களுக்கு அனுமதிச்சது. ஆனா விலை அல்லாத அம்சங்களுக்கு உச்சவரம்பு 30 சதவீதம்தான். என்னைக் கேட்டா, சாஃப்ட்வேருக்கு இது பத்தாது.

இதுல உங்க பாக்கெட் எங்க வருது? கடைசி தேதி தள்ளிப்போன பிறகும், 2021 ஆகஸ்ட்ல ஃபைல் பண்ண சிலருக்கு சாஃப்ட்வேர் லேட் ஃபீயும் வட்டியும் சேர்த்துக் கணக்கு போட்டுச்சு. லேட் ஃபீ 5,000 ரூபாய் வரைக்கும் போகும். துறையே ஒப்புக்கிட்டு, தப்பா கட்டின பணம் திரும்பக் கிடைக்கும்னு சொன்னது. கட்டின எல்லாருமா கவனிச்சிருப்பாங்க?

அதனால ரிட்டர்ன் போட்ட பிறகு வர்ற இன்டிமேஷனை பிடிஎஃப்னு ஒதுக்காதீங்க. நீங்க சொன்ன கணக்கு ஒரு பக்கம், அவங்க போட்ட கணக்கு பக்கத்துல இருக்கும். லேட் ஃபீ, வட்டி வரிகளை மட்டுமாவது ஒப்பிடுங்க. வித்தியாசம் இருந்தா, போர்ட்டல்லயே 'ரெக்டிஃபிகேஷன்' கோரிக்கை போடலாம். அதுக்கு அரசுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது.